காலஞ்சென்ற தாய்மாமன் எழுதிக்கொள்வது

மருத்துவக் கல்லூரித் தேர்வுக் குழுவின் தலைமைப் பீடத்தை அலங்கரிக்கும் டாக்டர் அம்மா அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் கோப்பில் காலமாகிவிட்டதாகப் பதிவாகியிருக்கும் தாய்மாமன், இரண்டு கையையும் கூப்பி, பேனாவைப் பல்லில் கவ்வியபடி எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்களிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் சகல ஜீவன்களும் சௌக்கியமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். இங்கே நான் நலம். என் மேல் உள்ள குற்றமே அதுதான்.

என்னை உங்களுக்கு நினைவிருக்கும். நேர்முகத் தேர்வு நடந்த அன்று, அறைக்கு வெளியே பெஞ்சில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய பிணம் நான்தான். இந்தக் கடிதத்தை எழுதுவதற்குள் வெட்கத்தில் நான் இன்னொரு முறை செத்துப் பிழைத்துவிட்டேன். ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். ஒரு பெண்ணின் டாக்டர் படிப்பு என்னால் கவிழ்ந்துவிடும்போல இருக்கிறது.

தொழிலால் நான் போட்டோக்காரன். கடைவீதியில், பல் டாக்டர் மாடிக்குக் கீழே, மாடியில் கத்துகிறவர்களின் சத்தம் இறங்கிவரும் ஒரு சின்ன அறை. அதற்குள் நான் சக்கரவர்த்தி. என்னிடம் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு உண்டு. யானைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் நாலு கிளிப்புப் போட்டு இழுத்துவிட்டால் கொசுவுக்கும் பொருந்தும். இந்த ஊரில் வேலைக்கு மனுப் போட்டவன், பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டவன், மாப்பிள்ளையாக மனுப் போட்டவன் எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தான். மூடிய கண்ணைத் திறப்பேன், பருவை அழிப்பேன், வழுக்கையில் பயிர் ஏற்றுவேன். ஒருவருடைய படத்தை அவர் மனைவியிடம் கொடுத்தபோது அந்த அம்மாள், "இது யாருங்க?" என்று கேட்டுவிட்டு, "யாரா இருந்தா என்ன, வீட்டுக்கு அனுப்பிவைங்க" என்று சொன்னது சரித்திரம். படைத்தவன் அவசரத்தில் விட்டதை நான் நிதானமாக முடித்துவைக்கிறேன் என்று திமிராகச் சொல்லித் திரிந்தவன் நான். அந்தத் திமிர்தான் இன்று உங்கள் காலடியில் தவழ்ந்து வருகிறது.

என் அக்காளுக்கு ஒரே பெண். எனக்கு ஒரே மருமகள். டாக்டராக வேண்டும் என்று அவள் முடிவெடுத்த நாள் முதல் அக்கா வீட்டில் போர்க்கால ஏற்பாடு. டிவி சத்தத்துக்குத் தடை. அத்தான் செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்த்தே உலக நடப்பை ஊகித்துக்கொள்வார். "அம்மணி முகம் வாடியிருக்கு, பெட்ரோல் விலை ஏறிடுச்சு போல" என்பார். மருமகள் படித்தாள், படித்தாள், புத்தகமே களைத்துப்போய் "போதும்மா" என்று மூடிக்கொள்ளும் அளவுக்குப் படித்தாள். மதிப்பெண் கொட்டியது. விண்ணப்பம் பலமாக இருக்க அது மட்டும் போதாது, தொண்டும் செய்திருக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொன்னதால், சனி ஞாயிறு முதியோர் இல்லத்துக்குப் போனாள். படுக்கை விரிப்பு மாற்றுவாள், தண்ணீர் ஜாடி நிரப்புவாள், நகம் வெட்டிவிடுவாள். விண்ணப்பத்துக்காகப் போக ஆரம்பித்தவள், கொஞ்ச நாளில் விண்ணப்பத்தை மறந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

கடைசியில் எல்லாக் காகிதங்களையும் என் கடைக்குக் கொண்டுவந்தாள். மதிப்பெண் பட்டியல், டீச்சர் கடிதம், இல்லத்து மேலாளர் கடிதம், அப்புறம் 'நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்' என்று அவளே எழுதிய ஒரு பக்கம்.

"மாமா, போட்டோவைச் சேர்த்து, எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க. நாளைக்கு எனக்குப் பரீட்சை."

"நீ போய்ப் படிம்மா. மாமா பாத்துக்கறேன்."

அம்மா, இந்த 'மாமா பாத்துக்கறேன்' என்ற ஒரு வாக்கியத்தால் எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த சேதம், புயல் வெள்ளத்தால்கூட நேர்ந்ததில்லை. அவள் போனதும் அந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். நகம் வெட்டியதைப் பற்றி எழுதியிருந்தாள். நகம்! மற்ற பிள்ளைகள் எல்லாம் உலகத்தின் கண்ணீரைத் துடைக்கிறேன் என்று எழுதியிருப்பார்களே, இவள் நகவெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் சலூனுக்கு அல்லவா அனுப்பிவைப்பார்கள் என்று பதறிவிட்டேன். பரு இருந்தால் கை சும்மா இருக்குமா? அழித்தேன். முழுப் பக்கத்தையும் அழித்தேன்.

ஒரு சோகம் வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்திலோ ஆளாளுக்கு அம்மிக்கல் மாதிரி இருக்கிறோம். யாரைச் சாகடிப்பது? அக்காவைச் சாகடித்தால் அக்கா என்னைச் சாகடிப்பாள். அத்தானைச் சாகடித்தால் அக்காவைத் தேற்ற ஆள் வேண்டும். தியாகம் என்று வந்துவிட்டால் தாய்மாமனை விட்டால் யார் இருக்கிறார்கள்? நானே போனேன். அட்டை கிழிந்த பழைய வைத்தியப் புத்தகம் ஒன்றில், சொன்னாலே பல் உடைகிற ஒரு நோயைத் தேர்ந்தெடுத்தேன். 'குணப்படுத்த வழியில்லை' என்று போட்டிருந்தது, எனக்கு அதுதான் வசதி. "என் தாய்மாமனின் கடைசி மூச்சு என் பிஞ்சு உள்ளங்கையைச் சுட்டது, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை" என்று அடித்துவிட்டு, அம்மா, நான் அழுதேன். என் சாவுக்கு என்னைப்போல் அழுதவர் எவருமில்லை. மூக்கைச் சிந்திவிட்டு 'அனுப்பு' பொத்தானை அழுத்தினேன்.

நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபோது வீடே துள்ளியது. எல்லாரும் அவளைத் தூக்கிக் கொண்டாட, நான் மட்டும் ஓரமாக நின்று 'செத்தும் கொடுத்தேன்' என்று மீசையைத் தடவிக்கொண்டேன். ஆனால் உள்ளே எலி பிறாண்ட ஆரம்பித்துவிட்டது. அவளிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் சொல்லப் போனேன், அக்கா இருந்தாள். மாடிப்படியில் சொல்லப் போனேன், எனக்கே விக்கல் வந்தது. கடைசியில் பஸ்ஸில் உங்கள் கல்லூரிக்கு வரும்போது, "ஒண்ணு சொல்லணும்மா" என்றேன்.

"இப்ப எதுவும் சொல்லாதீங்க மாமா. மண்டைக்குள்ள இடமில்ல."

சரி, பிள்ளையைக் கலைக்க வேண்டாம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். கோழைக்கு நியாயம் கிடைக்காத ஊர் உண்டா?

அவள் உள்ளே போனாள். வெளியே இருநூறு பேர் காத்திருந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். முந்தின நாள் முழுக்கக் கவலைப்பட்ட களைப்பு, கண் சொருகிவிட்டது. அதற்குப் பிறகு உள்ளே நடந்ததை, அம்மா, நீங்கள் அறிவீர்கள். மிகுந்த கருணையோடு நீங்கள், "உங்க மாமா இறந்தது உங்களை எப்படிப் பாதிச்சது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவளுக்கோ ஒன்றும் தெரியாது. மாமாவை வெளியே உயிரோடு விட்டுவிட்டு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. ஆகவே, மாமா இப்போதுதான், வெளியே பெஞ்சில், செத்துப்போய்விட்டார், அந்தச் சேதியைத்தான் இந்த அம்மா பக்குவமாகச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தாள். வந்து பார்த்தால் நான் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து, கச்சிதமாகச் செத்துக் கிடக்கிறேன்.

"மாமா! மாமா! கேக்குதா?" தோளைத் தட்டினாள். என் மூக்குக்குப் பக்கத்தில் காதை வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது, ஆனால் விரல் சரியான இடத்தில் பதிந்தது. நான் கண்ணைத் திறந்து கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

"என்னம்மா, சீட்டு கிடைச்சுடுச்சா?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வாசலில் நீங்களும், மெலிந்த இன்னொரு டாக்டரும்.

"இவர் யாரும்மா?" என்றீர்கள்.

"என் மாமா."

"எந்த மாமா?"

"எனக்கு ஒரே மாமாதான் மேடம்."

அந்த நிமிஷத்திலாவது என் வாய் சும்மா இருந்ததா? "இல்லீங்க, நான் இவங்க டிரைவருங்க" என்றேன். நாங்கள் வந்தது பஸ்ஸில். மருமகள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அம்மா, ஆயிரக்கணக்கான முகங்களைக் கேமரா வழியாகப் பார்த்தவன் நான். அப்படி ஒரு பார்வை எந்த முகத்திலும் கண்டதில்லை. கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக வெட்கப்பட்டாள். பெற்று வளர்த்தவர்கள் பிள்ளையைப் பார்த்துப் படவேண்டிய வெட்கத்தை, பிள்ளை என்னைப் பார்த்துப் பட்டாள். மெலிந்த டாக்டர் உள்ளே திரும்பும்போது என் பக்கம் குனிந்து, "ஐயா, நீங்க செத்த நோய் ஆட்டுக்குத்தான் வரும். மனுஷனுக்கு வந்ததா இதுவரைக்கும் தகவல் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடாகவே பிறந்திருக்கலாம்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மாதிரி எனக்குத் தெரியும். நிமிர்ந்து நின்று, "என் பெயரால் வந்த எழுத்து, என் குற்றம், தண்டனை எனக்கே ஆகட்டும், என் மாமனைத் தூற்றாதீர்கள்" என்று சொல்லியிருப்பாள். காட்டிக்கொடுக்கும் ரத்தம் அல்ல அது. ஆகவேதான் இந்த மன்றாட்டு: அவள் சுமந்த பழியை நம்பாதீர்கள். பொய் சொன்னவன் நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அக்கா, "உயிரோட இருந்து குடுக்கற தொல்லை போதாதுன்னு செத்துப்போயும் குடுக்கறியாடா?" என்றாள். மருமகள் என்னோடு பேசுவதில்லை. ஏதாவது சொல்லவேண்டி இருந்தால், "அந்தப் போட்டோக்காரர்கிட்ட சொல்லும்மா" என்று அக்காவிடம் சொல்கிறாள். நான் அன்றிலிருந்து அன்னம் தண்ணீர் தொடவில்லை. கடையை இழுத்துப் பூட்டிவிட்டேன். கோட்டைப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

அவள் எழுதிய அசல் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குப்பைக்கூடையிலிருந்து எடுத்து நீவியது, கசங்கியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும். அதில் ஒரு இடம் மட்டும் இங்கேயே எழுதுகிறேன்: "எட்டாம் கட்டில் பெரியவர் யாருக்கும் கையைத் தரமாட்டார். முதல் வாரம் எனக்கு ஒரு விரல் தந்தார். அந்த ஒரு நகத்தை மட்டும் வெட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் கேட்காமலே இரண்டு விரல் நீட்டினார். எனக்கு அவசரமில்லை என்று தெரிந்த பிறகுதான் முழுக் கையையும் தந்தார். மருத்துவருக்கும் இந்தப் பொறுமை வேண்டும் என்று நினைக்கிறேன். எனக்கு அது இன்னும் முழுசாக வரவில்லை."

இதையா அழித்தேன்? இதையா, அம்மா?

தங்கள் கைபட்ட நோயாளிகள் எல்லாரும் எழுந்து நடக்கட்டும். தங்கள் கல்லூரிச் சுவர்கள் பல நூற்றாண்டு விரிசல் விடாமல் நிற்கட்டும். என்னை எந்தத் தண்டனைக்கு வேண்டுமானாலும் ஆளாக்குங்கள்; பிள்ளையை விட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துக்கும் மெருகேற்றவில்லை என்று உறுதி கூறி,

வெட்கத்தோடு, ஆனால் உயிரோடு,
தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை முடித்து மேஜைமேல் வைத்திருந்தபோது மருமகள் கடைக்கு வந்தாள். (கடை பூட்டவில்லை. பாதி ஷட்டர்தான் இறக்கியிருந்தேன்.) "வேற காலேஜுக்கு அனுப்பணும். ஒரு போட்டோ எடுங்க. கோட்டு வேண்டாம்" என்றாள். நான் விளக்கைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது கடிதத்தை எடுத்துப் படித்துவிட்டாள். அவள் உத்தரவின் பேரில் கீழ்க்கண்டவற்றைத் திருத்திக்கொள்ளவும். வெளியே காத்திருந்தது இருநூறு பேர் அல்ல. நாலு பேர், அதில் ஒருவர் தண்ணீர் கேன் மாற்ற வந்தவர். அன்னம் தண்ணீர் விஷயத்தில், "நேத்து எங்க வீட்டுல மறுசோறு கேட்டது யாராம்?" என்கிறாள். அப்புறம் அந்த வீர உரை. "நான் எப்ப மாமா அப்படிப் பேசினேன்? கதவைச் சாத்தினதுமே, 'இது எங்க மாமா எழுதினது மேடம், எனக்குத் தெரியாது. அனுப்பறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை படிச்சிருக்கணும், அது என் தப்பு'ன்னு சொல்லிட்டேன். மேடம் சிரிச்சுட்டாங்க. நகம் வெட்டினதைச் சொல்லட்டுமான்னு கேட்டேன். சொல்லச் சொன்னாங்க. நடுவுல ரெண்டு கேள்வி கேட்டாங்க" என்றாள். ஆக, நான் மூச்சைப் பிடித்து ஒப்புக்கொண்டதெல்லாம் உங்களுக்கு அன்றே தெரியும். அவள் சுமக்காத பழியை அவள் தலையில் ஏற்றி, அதற்கும் கோட்டு மாட்டி, பின்னால் கிளிப்புப் போட்டிருக்கிறேன். "மன்னிப்புக் கேக்கும்போதும் என்னை டச்சப் பண்றீங்களே மாமா" என்றாள். மாமா என்றாள், அம்மா, கவனிக்கவும்.

சீட்டு உண்டா இல்லையா என்பது உங்கள் கையில். இன்று எடுத்த படத்தின் ஒரு பிரதியை உங்களுக்கும் அனுப்புகிறேன். முன்பு அனுப்பியதில் தாடையில் இருக்கும் தழும்பு இருக்காது, இதில் இருக்கும். சொடுக்கிய நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் ஒரு கண் பாதி மூடியிருக்கிறது. திறக்க எனக்குத் தெரியும். தொடவில்லை.