இட்லி மாமுவின் ஓயாத லாரி

வடசென்னையிலேயே சும்மா நிற்கத் தெரியாத ஒரே மனிதர் இட்லி மாமுதான். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும்போது மற்ற டிரைவர்கள் துண்டை விரித்துத் தூங்குவார்கள். மாமு மட்டும் சீட்டில் தவித்துக்கொண்டிருப்பார்.

அவர் லாரி ஓட்டும் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நான் கேட் கிளார்க். ஒருநாள் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து, மாமுவின் லாரிக் கூரையில் இட்லி மாதிரி வெள்ளையாக ஓர் ஆன்டெனாவைப் பொருத்தினாள். செயற்கைக்கோள் சிக்னல் ஈரக்காற்றைக் கடக்கும்போது துளி தாமதமாகும். அதை அளந்தால் தலைக்கு மேல் எவ்வளவு நீராவி என்று தெரியும். ஓடும் வண்டியென்றால் பல இடங்களில் அளக்கலாம் என்றாள். மாமு காதில் 'ஓடும் வண்டி' மட்டும்தான் விழுந்தது.

பாலத்தடியில் ஒதுங்கினால் சிக்னல் மறையும் என்று அவள் சொன்னதும் நிழலையே விட்டார். கத்திரி வெயிலில் நின்று டீ குடித்தார். காலி வண்டியைக் கொருக்குப்பேட்டை சுற்றிக் கொண்டுவந்தார். ஆன்டெனாவைக் கழற்றச் சொல்லி மேனேஜர் கத்த, மாமு சாவியை மேசைமேல் வைத்தார்.

"கொருக்குப்பேட்ட மேல கீற ஆகாசத்த யாரு சார் பாக்கறது? நீ பாக்கறியா?"

அன்று வேறு டிரைவர் இல்லை. மேனேஜர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்.

காசிமேட்டில் கருவாடு காயவைக்கும் பெண்கள் அவரிடம் மழை விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஆன்டெனா அவருக்கு எதையும் காட்டாது என்று சொல்ல வெட்கம். ஒரு பகலில் மாணவிக்குப் போன் போட்டார். ஈரம் ஏறுகிறது, ஆனால் மழை வருமென்று சொல்ல முடியாது என்றாள். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஹாரனடித்துத் தெருவையே கிளப்பினார். கருவாடு மொத்தமும் உள்ளே போனது. ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் ஒரு கருவாட்டுக்கார அக்கா லாரியை மறித்தாள். "மய எங்கடா?"

"வந்துகினுதான் கீதுக்கா. டிராபிக்ல மாட்டிக்கிச்சி."

ஆய்வு முடிந்து ஆன்டெனாவைக் கழற்ற வந்த மாணவி, வண்டி போன தடத்தை லேப்டாப்பில் எங்களுக்குக் காட்டினாள். வடசென்னை முழுக்கக் கிறுக்கல். ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி எதிரே மட்டும் ஆறு மணி நேரம் ஒரே புள்ளி. வண்டி ரிப்பேரா என்று கேட்டாள்.

"ஆமாம்மா, கிளட்ச்சு" என்றார் மாமு, என்னைப் பார்க்காமல்.

தேதியைப் பார்த்தேன். கன்டெய்னர் கதவில் என் விரல்கள் நசுங்கிய நாள். என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வேலை இருக்கிறதென்று உடனே கிளம்பியவர் அவர். சாயங்காலம் நான் கட்டுப்போட்ட கையோடு வெளியே வந்தபோது லாரி எதிரே நின்றது.

"இப்பத்தான் இந்தப் பக்கமா வந்தேன், ஏறு" என்றார்.