ஒட்டகச்சிவிங்கி நிழலில் என் மாமனார்

மனிதர்களை முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்கிறோம் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. தலைமுடியையும் மீசையையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதைக் கத்திரி வெயிலில் தண்ணீருக்குள் இறக்கிவிட்டால், பெற்ற தகப்பனையே தேட வேண்டியிருக்கும். நான் தேடியது பெற்ற தகப்பனைக்கூட இல்லை. அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த ஒருவரை. தன் மகளை எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார்.

ஆந்திர எல்லையில் சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய காலம் அது. எங்கள் வீட்டார் கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில் கட்டடம் எழும்பி, அதற்குள் ஏசி போட்டு, என்னை நீலச் சட்டையோடு நிற்க வைத்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து வெயிலிலேயே கிடந்தவனுக்கு, ஒரு வருஷம் ஏசியில் நின்றதும் திமிர் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கியவன் மாதிரி, "இன்னா வெயிலு, இன்னா வெயிலு" என்று கர்ச்சீப்பால் விசிறிக்கொள்வேன். (நைனா, அதாவது என் அப்பா, அதைப் பார்த்துவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.)

எனக்கு வேலை கிடைத்தால் என் தலைக்கு மொட்டை போடுவதாக அம்மா திருமலைக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். புத்தூர் பக்கத்தில் லைன்மேனாக இருந்த ஒருவருக்கும் ஒரு மொட்டை பாக்கி இருந்தது. அவருக்குக் கல்யாண வயதில் சுமதி என்று ஒரு பெண்ணும் இருந்தாள். இரண்டு மொட்டையையும் ஒரே நாளில் போட்டால் மலைமேலேயே பெண் பார்த்த மாதிரியும் ஆகிவிடும் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். "பையன நாள் பூரா கூட வெச்சிக்கினு பாத்தாத்தான் தெரியும்" என்று லைன்மேன் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதோடு விட்டிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டி வந்திருக்காது. கம்பெனியில் அந்த மாதம் எனக்கு நாலு டிக்கெட் கொடுத்திருந்தார்கள். திருப்பதியிலிருந்து இறங்கும் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த தண்ணீர்ப் பார்க்குக்கு. அலை வரும் குளம், வழுக்கிக்கொண்டு இறங்கும் குழாய், எல்லாம் உண்டு. பெண் வீட்டாரை அங்கே கூட்டிப்போனால் என் அந்தஸ்து எங்கேயோ போய்விடும் என்று எனக்குத் தோன்றியது.

"மலைக்குப் போய்க்கினு வந்தா நேரா வூட்டுக்கு வரணும்டா. நடுவுல ஒரு எடத்துலயும் கால வெக்கக்கூடாது" என்றாள் அம்மா.

"அது ஆளுங்க வூட்டுக்குத்தாம்மா போவக்கூடாது. பார்க்குக்கு இல்ல."

"பார்க்கு மட்டும் இன்னா, காட்டுலயா கீது?"

நைனா வரவில்லை. சுமதியின் அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, அவரும் வரவில்லை. ஆக நாலு பேர், நாலு டிக்கெட். கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நான் புல்லரித்துப் போனேன்.

லைன்மேன் மாமாவை நான் முதலில் பார்த்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் மீசைதான். அப்படி ஒரு மீசை. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார் என்றுகூட நான் கவனிக்கவில்லை. மொட்டைக்கு டோக்கன் வாங்கும் வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தபோது, அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று தெலுங்குக்கு மாறி அவனை ஒரு பிடி பிடித்தார். எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ், ஆபீஸில் தெலுங்கு. மனிதர் கோபத்தை ஆபீஸ் பாஷையில் காட்டுகிறார் என்று குறித்துக்கொண்டேன். அப்புறம் நாவிதர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து முடியை எடுத்தார், மாமாவின் மீசையையும் எடுத்தார். வெளியே வந்தவர் யாரென்று எனக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. நல்லவேளையாக, தலையில் பூசிய சந்தனத்தில் வலது காதுக்கு மேலே கொஞ்சம் விட்டுப்போயிருந்தது. அதை அடையாளம் வைத்துக்கொண்டேன்.

பார்க் வாசலில் இறங்கியபோது உச்சி வெயில். முடி இல்லாத தலையில் வெயில் எப்படி இறங்கும் என்பது போட்டவனுக்குத்தான் தெரியும். மாமா கையைத் தலையில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "இவ்ளோ வருசம் கம்பத்துல ஏறி நின்னுக்கினு இருந்தேன். வெயிலு எனுக்குப் புதுசு இல்ல. இது வேற மாதிரி கீது" என்றார்.

சுமதி அப்போதுதான் என்னிடம் முதல் வார்த்தை பேசினாள். "எங்க நைனாவுக்குத் தலைல வெயில் பட்டா ஆவாதுங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க."

அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. உயிரைக் கொடுத்தாவது அவரைப் பார்த்துக்கொள்வது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (செய்தேன். பார்த்துக்கொண்டேன். யாரை என்பதுதான் பிரச்சினை.)

அம்மா லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். எறும்பு வராமல் பார்ப்பதுதான் அன்றைக்கு அவள் அனுபவித்த பொழுதுபோக்கு. சுமதி பெண்கள் பக்கம் போனாள். எங்களுக்கு வேட்டியோடு அனுமதி இல்லை என்று ஆளுக்கொரு மஞ்சள் பனியனும் நீல டிரவுசரும் வாடகைக்குக் கொடுத்தார்கள். வேட்டி, சட்டை, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் ஒரே லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை என் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். மாமாவின் செருப்பு அந்தப் பயணத்துக்காகவே வாங்கிய புது லெதர் செருப்பு. அதைத் துடைத்து உள்ளே வைத்தேன். பொறுப்பான பையன் என்று அவர் கவனிக்க வேண்டுமே.

லாக்கருக்கும் குளத்துக்கும் நடுவில் சிமெண்டுத் தரை. தோசைக் கல்லில் கால் வைத்த மாதிரி இருந்தது. எல்லோரும் ஐயோ அம்மா என்று குதித்துக் குதித்து ஓடினார்கள். மாமா குதிக்கிற ஆள் இல்லை. பெண்ணைப் பெற்றவர், வரப்போகும் சம்பந்தி வீட்டார் பார்க்க டிரவுசரோடு குதிப்பாரா? பல்லைக் கடித்துக்கொண்டு, லைன் பார்க்கப் போகிற மாதிரி நிதானமாக நடந்தே வந்தார்.

குளத்தில் இறங்கியதும்தான் என் திட்டத்தில் இருந்த ஓட்டை தெரிந்தது. மலையிலிருந்து இறங்கும் வேன்கள் எல்லாம் இங்கேதான் நிற்கும் போலிருக்கிறது. குளம் முழுக்க மொட்டை. அத்தனை பேரும் மஞ்சள் பனியன். நான் மாமாவின் காதோரத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். சங்கு ஊதியது. அலை வந்தது. தலைக்கு மேலே போனது. எழுந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தால் ஒரு தலையிலும் சந்தனம் இல்லை. எல்லாம் தண்ணீரில் இருந்தது. காவலுக்கு நின்றவன் விசிலை ஊதிக்கொண்டே குளத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

எனக்குப் பக்கத்தில் ஒரு மொட்டை தள்ளாடிக்கொண்டிருந்தது. அதே உயரம், அதே தொப்பை, அதே கறுப்பு. கண் சொருகியிருந்தது. வெயில் அடித்துவிட்டது, சுமதி சொன்னாளே என்று பாய்ந்து அவரைத் தூக்காத குறையாக வெளியே கொண்டுவந்து, எதிரே இருந்த கேன்டீனில் மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தேன்.

"நீள்ளு..." என்றார்.

தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். ஆனால் தெலுங்குக்கு மாறிவிட்டார். கோபத்தில் இருக்கிறார். மோர் வாங்கி வந்தேன். வெள்ளரிக்காய் வாங்கி வந்தேன். ஓடிப்போய் லாக்கரைத் திறந்து துண்டை எடுத்து நனைத்துத் தலையில் போட்டேன். சிமெண்டில் நடந்த கால் என்ன பாடுபட்டிருக்கும் என்று லெதர் செருப்பையும் கொண்டுவந்து மாட்டிவிட்டேன். கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கு மேல் எனக்கு எப்படிச் சந்தேகம் வரும்?

கீழே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். அட்டையால் விசிறினேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தபோது, தூரத்தில் பிளாஸ்டிக் ஒட்டகச்சிவிங்கி பொம்மைக்குக் கீழே யாரோ ஒரு மொட்டை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது. ஜாலியான ஆள் போலிருக்கிறது என்று நானும் ஆட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் இரண்டு கையையும் ஆட்டியது. நானும் மரியாதைக்கு இரண்டு கையையும் ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன்.

மோர் உள்ளே போனதும் மாமாவின் முகம் தெளிந்தது. இதுதான் சமயம் என்று நான் ஆரம்பித்தேன். வேலை நிரந்தரமாகப் போகிறது. குடி கிடையாது, பீடி கிடையாது. ஊரில் வீட்டை இடித்துக் கட்டப்போகிறேன். பெண்ணை வேலைக்குப் போகாதே என்று சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டு "மன்ச்சிதி, மன்ச்சிதி" என்றார். நல்லது, நல்லது! எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"அப்ப உங்களுக்குச் சம்மதந்தான மாமா?"

"சரே பாபு, சரே" என்று என் மொட்டையில் கை வைத்து ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

சிமெண்டுத் தரையில் வேப்பமரத்தடிக்கு நான் ஓடின ஓட்டம் எனக்கே தெரியாது. "அம்மா, மாமா ஒத்துக்கினாரு!" என்று கத்தினேன். அங்கே வந்து உட்கார்ந்திருந்த சுமதி தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா லட்டுப் பையை விட்டுவிட்டு எழுந்தே விட்டாள். இரண்டு பேரையும் ஊர்வலமாகக் கேன்டீனுக்கு அழைத்து வந்தேன்.

சுமதி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இவரு யாரு?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெரிய குடும்பமே "நான்னா, இக்கட உன்னாரா!" என்று பாய்ந்து வந்து அவரைச் சூழ்ந்துகொண்டது. அப்பா, இங்கேயா இருந்தீர்கள் என்று பிள்ளைகள் கேட்க, பேரன் பேத்திகள் காலைக் கட்டிக்கொண்டார்கள். அவர் என்னைக் காட்டி, இந்தப் பார்க்கில் வேலை செய்கிற பையன்கள் தங்கமான பையன்கள் என்று தெலுங்கில் சொன்னார். அவர்கள் எல்லோரும் எனக்குக் கும்பிடு போட்டார்கள். கூட்டம் வாசல் பக்கம் நகர்ந்தது.

"எங்க நைனா எங்க?" என்றாள் சுமதி.

அப்போதுதான் அந்தக் கை ஆட்டிய மொட்டை ஞாபகத்துக்கு வந்தது. ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்து ஓடினேன்.

அவர் ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். அகலம் ஒரு ஆள் நிற்கிற அளவுதான். வாழ்நாள் முழுக்கக் கம்ப நிழலில் நின்ற மனிதர் என்பதால், நிழல் நகர நகர அதோடு ஒட்டிக்கொண்டே ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறார். சுற்றிலும் சிமெண்டு. செருப்பு லாக்கரில். சாவி என் கையில். எதிரே கேன்டீனில் நான் இன்னொருவருக்குக் கால் பிடித்துக்கொண்டிருந்தது முழுவதையும் பார்த்திருக்கிறார்.

"கூப்ட்டேன். பாட்டு போட்டுக்கினு இருந்தானுங்க, உனுக்குக் கேக்கல" என்றார். தமிழில்தான் சொன்னார். கோபப்படவும் தெம்பில்லை. "கைய ஆட்னேன். நீயும் ஆட்ன."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. உள்ளேயாவது வெயில் இருக்காது.

"செருப்ப எட்த்துக்கினு வா. போலாம்."

செருப்பு அதற்குள் வேன் ஏறிப் போயிருந்தது. நான் லாக்கரிலிருந்த என் துண்டை நனைத்து அவர் தலையில் போட்டு, என் செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். சின்னது. அவர் குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் வெறுங்காலோடு சிமெண்டைத் தாண்டி, தார் உருகிக் கிடந்த ரோட்டில் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தேன். நான் தாராளமாகக் குதித்தேன். மானம் என்று பார்க்க என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

பஸ்ஸில் ஜன்னல் வழியாக அடுப்பு ஊதுகிற மாதிரி காற்று வந்தது. லட்டு உருகி அம்மாவின் புடவையில் இறங்கிக்கொண்டிருந்தது. "நேரா வூட்டுக்கு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள், களைப்பில் பாதியில் நிறுத்திவிட்டாள். நான் கொப்புளம் வந்த குதிகாலைத் தூக்கிப் பிடித்தபடி, சுமதியைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான், எல்லாம் போய்விட்டது. அந்த ஒரு நாளிலேயே அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

புத்தூர் நெருங்கும்போது மாமா ஈரத் துண்டைத் தலையிலிருந்து எடுத்தார்.

"தோ பாருங்க சம்மந்தி" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அம்மா திடுக்கிட்டாள். "இவன வேணாம்னா இன்னொரு பையன பாக்கணும். அவன் எங்க இட்டுக்கினு போவானோ. இன்னொரு தபா என்னால ஆவாது. தேதிய பாருங்க."

சுமதி துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

கல்யாணத்தில் எங்கள் வழக்கப்படி மாமனார் மாப்பிள்ளைக்குக் கால் கழுவினார். என் குதிகாலைத் தாம்பாளத்தில் வைத்ததும் அந்தத் தழும்பைப் பார்த்தார். அதில் கொஞ்சம் கூடுதலாகவே தண்ணீர் ஊற்றினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மீசை மறுபடியும் வளர்ந்திருந்தது. நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, நான்தான். நல்லா பாத்துக்கோ."

அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் வீட்டு வாசலில் நின்று "மாப்ள, நான்தான்" என்று சொல்லாமல் அவர் உள்ளே வந்ததில்லை. என் மகளும் அதைக் கற்றுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் "நைனா, நான்தான்" என்கிறாள்.

போன கோடையில் மாமா மறுபடி ஒரு வேண்டுதலுக்கு மலைக்குப் போனார். நாங்கள் போகவில்லை (யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை). மத்தியானம் போனுக்கு ஒரு படம் வந்தது. வெயிலில் வரிசையாக உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிச் சிரிக்கும் மொட்டைகள். "இதுல உன் மாமனாரு யாரு?" என்று கேட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு காதாகப் பார்த்து, நெடுநேரம் யோசித்து, இடமிருந்து மூன்றாவது என்று அனுப்பினேன்.

உடனே குரலில் பதில் வந்தது. "தப்பு மாப்ள. போனாப் போவுது, அவருக்கும் ஒரு மோர் வாங்கிக் குடு."