நாற்பத்தேழு கிளைகளும் ஒரு நண்டும்

"வரப்புல நண்டு வளை போட்டா உங்க மரம் என்ன பண்ணும் தம்பி?"

கேள்வி அரவிந்தனுக்கு. கேட்டவர், அவர் வயலை அடுத்த கீழ்வயல்காரர் ராசம்மாள்.

இருங்கள், அரவிந்தன் எந்த இனம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மழை வரலாம் என்று குடை எடுத்து, அது தொலையலாம் என்று இன்னொன்றும் எடுத்து, இரண்டையும் மறக்கலாம் என்று போனில் மணி வைத்து, பேருந்தைத் தவறவிடுகிறவர்கள். ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரில் அந்த இனத்துக்கு இந்த அரவிந்தன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை.

தன் தாளடி நெல்லுக்குத் தண்ணீர் வைக்க மோட்டாரைத் தட்டிவிட்டால் போதாதா? அவருக்குப் போதாது. நிலைமைக்கேற்பத் தன்னையே மாற்றிக்கொள்ளும் மென்பொருள் எழுதினார். என்னென்ன மாறலாம் என்று சுவர் நிறைய மரம் மாதிரி ஒரு படம் வரைந்தார். மழை பெய்தால் ஒரு கிளை, தூறினால் ஒரு கிளை, கரண்ட் விட்டு விட்டு வந்தால் ஒரு கிளை, இது இருந்தால் அது கூடாது என்று குறுக்கே சிவப்புக் கோடுகள். மொத்தம் நாற்பத்தேழு கிளை. அதற்குள் கதிர் பால் பிடித்துவிட்டது.

"பயிர் காயுது தம்பி. மோட்டாரப் போட்டுவிடுங்க," என்றார் ராசம்மாள்.

"பொறுங்கக்கா. கரண்டோட நெட்டும் போயிட்டா?"

"வயலுக்கு வந்து பாருங்க!"

வந்து பார்ப்பது. அந்தக் கிளை மட்டும் மரத்தில் இல்லை.

அப்போதுதான் ராசம்மாள் நண்டைப் பற்றிக் கேட்டார். கீழ்வயலில் அவருடைய உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. தண்ணீர் நின்றால் அழுகிவிடும். அரவிந்தன் சிரித்துக்கொண்டே 'இதர' என்று ஒரு கிளையில் எழுதினார்.

வெள்ளிக்கிழமை மென்பொருளை ஓடவிட்டுத் தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போனார். பாய்ந்த தண்ணீரெல்லாம் நண்டு வளை வழியே கீழ்வயலுக்கு இறங்கியது. வயல் காய்ந்திருக்கிறதே என்று மோட்டார் இன்னும் ஓடியது. அப்படியும் நனையவில்லை. மண் மணலாகிவிட்டது என்று மென்பொருள் முடிவுகட்டி, தன்னை மாற்றிக்கொண்டு, இரட்டிப்பாக இறைத்தது. அப்படியும் இல்லை. கடும் வறட்சி என்று மறுபடி மாறியது. என்ன அறிவு! பந்தியில் அரவிந்தன் போனை எல்லோருக்கும் காட்டினார்: 'எல்லாம் சரி. கிளை 31.'

சாயங்காலம் திரும்பியபோது, ராசம்மாள் மோட்டாரை நிறுத்தி, ஒரு கை சேற்றை வளையில் அப்பிக் குதிகாலால் மிதித்துக்கொண்டிருந்தார். பாதி உளுந்து தண்ணீருக்குள்.

"ரெண்டு நிமிச வேல தம்பி. என் உளுந்து போச்சே!"

அரவிந்தன் தலைகுனிந்தார். பாவம், போன உளுந்துக்கு மாற்று விதை தருவதைப் பற்றிப் பேசப்போகிறார் என்றுதான் ராசம்மாளும் நினைத்தார். அரவிந்தனோ பேனாவை எடுத்தார்.

"அக்கா, நண்டு பெருசா, சின்னதா?"

இதைப் படிக்கும்போதே, 'வரப்பில் ஒரு கேமரா வைத்திருந்தால்?' என்று உங்களுக்குத் தோன்றியதா? சந்தேகமே இல்லை, நீங்களும் அந்த இனம்தான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். யார் யாருக்குச் சொல்லலாம் என்று மட்டும் மரம் வரையாதீர்கள்.