உடுப்புக் கொடியும் ஒரு பாய்ப்படகும்

"அந்தக் கம்பியில கை வெச்சீங்கெண்டா, நனைஞ்ச உடுப்பு முழுக்க உங்கட தோளிலதான் காயும். சொல்லிப்போட்டன்."

சின்னத்தங்கம் ஈரச் சீலையைப் பிழிந்தபடியே சொன்னாள். அவளுடைய புருசன் நல்லரத்தினம், ஆரையம்பதி வாவிக்கரை மீனவர் சங்கத்தின் தலைவர், கையில் குறடுடன் உடுப்புக் கொடிக்குக் கீழே நின்றார்.

"இது கொடிக்கம்பி இல்ல புள்ள. படகுட முன்கம்பி. பாய்மரத்த முன்னால இழுத்துப் பிடிக்கிறதே இதுதான். வெள்ளிக்கிழமை மார்த்தா அம்மா படகு பாக்க வாறா."

"வரட்டுமே. அவட சட்டையையும் இதிலயே காயப் போடுவம்."

சுனாமி வந்த கையோடு, வெளிநாட்டு நிவாரணக்காரர்களோடு வந்த மார்த்தா அம்மா லொறியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன பாய்ப்படகு அது. இடுப்பளவு வாவியில் கம்பு ஊன்றித் தோணி தள்ளி இறால் பிடிக்கிற சனத்துக்குப் பாய்ப்படகு எதற்கு என்று அவவும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. கொடுத்ததை வேண்டாம் என்றால் அடுத்ததைக் கொடுக்க மாட்டார்கள் என்று அந்த நாட்களில் கரை முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை இறுகியது. வாவியில் பாய் விரித்துப் பலர் கண்ணில் பட எவருக்கும் துணிவு வரவில்லை. படகு பூவரச மரத்தடியில் படுத்தது. அதன் உறுப்புகள் மெல்ல மெல்ல ஊருக்குள் குடிபோயின.

சண்டை முடிந்த பிறகும் மார்த்தா அம்மா வருடா வருடம் தொலைபேசியில் விசாரிப்பா. "படகு சோக்கா ஓடுது" என்று நல்லரத்தினமும் வருடா வருடம் சொல்லி வந்தார். இப்போது ஆளே நேரில் வருகிறா.

பொய் பிடிபடுவது அவருக்குப் பெரிய கவலையில்லை. கவலை எஞ்சின்தான். கம்பு ஊன்றி ஊன்றி அவருடைய வலது தோள் செத்துப் போயிருந்தது. சோற்றுக் கோப்பையைத் தூக்கினாலே முனகுவார். இன்னும் ஒரு வருடம் கம்பு தள்ளினால் தொழிலையே விட வேண்டியதுதான். மார்த்தா அம்மாவின் மனம் குளிர்ந்தால் தோணிக்கு ஒரு எஞ்சின் கேட்கலாம். அதற்குப் படகு ஓட வேண்டும்.

கொடி கழன்றது. கிணற்றில் கப்பியாகத் தொங்கிய உருளையும் இறங்கியது. முன்பாயைச் சுருட்டுகிற உருளை அது. பாய், வெல்லாவெளியில் மைத்துனரின் களத்தில் நெல் காயவைக்கிற படங்காக இருந்தது. உதறினால் நெல் கொட்டியது. கம்பிக்கு உறையாகப் போட்டுப் பாயைச் சுற்றுகிற நீளக் குழாய்கள் காத்தான்குடியில் றவூப்பின் புடைவைக் கடையில் சீலை தொங்கவிட்டுக்கொண்டிருந்தன. நல்லரத்தினம் அவற்றைக் கழற்றி வர, பின்னாலேயே றவூப்பும் வந்துவிட்டார்.

"தலைவர், எண்ட கடைச் சீலையெல்லாம் தரையில கிடக்கி. குழாய் திரும்பி வரும் வரைக்கும் நான் இங்கதான் இரிப்பன்."

"இரிங்க றவூப் காக்கா. இரிக்கிற நேரம் இந்தப் பாய்மரத்தக் கொஞ்சம் தூக்குங்க."

முதல் வில்லங்கம் கம்பி. கொடிக்கால்களுக்கு அளவாகச் சின்னத்தங்கம் அதை எப்போதோ வெட்டியிருந்தாள். பாய்மர உச்சியில் மாட்டினால் படகின் முன்முனையான அணியத்துக்கு எட்டவில்லை. மாட்டுச் சங்கிலியைக் கொண்டுவந்து மிச்சத்தை இணைத்தார் நல்லரத்தினம். குழாய்கள் ஏறின, பாய் ஏறியது. உருளையை உச்சியில் கட்டினார்.

"அது கீழ வாறதாக்கும் தலைவர்?" என்றார் றவூப்.

"கப்பிய ஆராவது கீழ கட்டுவானா காக்கா?"

கயிற்றை இழுத்தார். பாயின் தலை மட்டும் சுருண்டது, வயிறு விரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கச்சான் காற்று வீசியது. தென்னங்குற்றிகள்மேல் நின்ற படகு உருண்டு, வேலியைப் பிரித்துக்கொண்டு சமையலறைச் சுவரில் போய் முட்டி நின்றது.

"வாங்க," என்றாள் உள்ளேயிருந்து சின்னத்தங்கம். "படகுக்கும் சோறு போடவா?"

உருளை கீழே வந்தது. இப்போது உருளையோடு சேர்ந்து சங்கிலியும் முறுகியது. முறுக முறுகச் சுருங்கிப் பாய்மரத்தை முன்னால் வளைத்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினால் மரம் முறிந்துவிடும். சங்கிலியைக் கழற்றினால் கம்பி எட்டாது.

நல்லரத்தினம் தலையைச் சொறிந்தார். "கம்பிதானே கட்டை? மரத்தயும் கட்டையாக்குவம்."

றவூப் தடுப்பதற்குள் பாய்மரத்தின் அடியை வாள் அறுத்துவிட்டது. சங்கிலி இல்லாமலே கம்பி எட்டியது! பக்கத்துக் கம்பிகள் தொய்ந்தன. அவற்றை இழுத்துக் கட்டினார்கள். ஆனால் இப்போது குழாய்கள் நீளம்.

"மெய்யாவே வெட்டப் போறீங்களா? யா அல்லாஹ், அது எண்ட சீலைக்குழாய்!"

"இவ்வளவு நாளும் அது என்ட படகுக்குழாய், காக்கா."

குழாய் குறைந்தது. பாய் கூடியது. அதன் கால் பாகம் நிலத்தில் புரண்டது. நல்லரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது. படகில் போய் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். சின்னத்தங்கம் வெளியே வந்து பார்த்தாள். தையல் மெசினைத் தூக்கி வந்து பூவரசடியில் வைத்தாள். றவூப் தரையில் குந்திப் பாயை அளந்து மடித்துக் கொடுத்தார். ஆயுள் முழுக்கப் புடைவை அளந்த கை அது. அவள் மிதிக்க, பாய் சிறுத்தது.

வெள்ளிக்கிழமை காலை படகு வாவியில் மிதந்தது. கயிற்றை இழுத்தால், றவூப்பின் கடையில் துணிக்கட்டுச் சுற்றுவதைப் போல, பாய் அச்சொட்டாகச் சுருண்டது. விட்டால் விரிந்தது.

"தலைவர், இது பறக்கப் போகுது!" என்று றவூப் குழாயை மறந்து கைதட்டினார்.

வேன் வந்தது. மார்த்தா அம்மா இறங்கினா. கூடவே சாரதியும் மொழிபெயர்ப்பாளருமான கனகசிங்கம். நல்லரத்தினம் படகில் ஏறிப் பாயை விரித்தார். காற்று மாறாமல் வீசி மானத்தைக் காப்பாற்றியது. படகு வாவியைக் குறுக்கே வெட்டிப் போய், வட்டம் போட்டு, கரைக்கு வந்தது. பாயிலிருந்து மிச்ச நெல்லு நாலைந்து உதிர்ந்தது. அதை ஒருவரும் காணவில்லை. மார்த்தா அம்மா பாயைத் தடவினா, நல்லரத்தினத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதா, பிறகு கனகசிங்கத்திடம் தன் மொழியில் ஏதோ சொன்னா.

சின்னத்தங்கம் புருசனின் முதுகில் இடித்தாள். "ஆள் இளகிப் போயிற்றா. இப்ப கேளுங்க."

"தம்பி கனகசிங்கம்," என்றார் நல்லரத்தினம். "அம்மாட்ட மெல்லமா ஒரு எஞ்சின் விசயம் கேட்டுப் பாருங்களன்."

கனகசிங்கம் வேனையும் படகையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அண்ணே, குடுத்த பாய்ப்படகு ஒண்டும் ஓடல்லயெண்டு மனசு நொந்து, பழுதாக் கிடக்கிற ஒவ்வொண்டுக்கும் பதிலா ஒரு எஞ்சின் குடுத்துக்கொண்டு வாறா, உங்கட எஞ்சினும் வேனுக்குள்ளதான் கிடக்கு, ஆனா இது இப்பிடிப் பறக்கிறதால அத வேற ஊருக்குக் குடுக்கட்டாம்."