சுருட்டு பாய் நீட்டிய கை

சிராங்கூன் ரோட்டில் வாடிக்கையாளரை விரட்டி விரட்டியே கடை நடத்திய ஒரே மனிதர் எங்கள் சுருட்டு பாய்தான். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளில் தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். உள்ளே ஒரு போர்டு: 'புகையிலை அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் புனிதப் பொருள். சும்மா ஊதித் தள்ளுகிறவர்கள் வேறு கடைக்குப் போகவும்.' எந்தச் சுருட்டுக் கடைக்காரனாவது இப்படி எழுதி வைப்பானா?

எல்லாம் ஒரு கப்பல்காரரால் வந்த வினை. அந்தப் பூர்வகுடியைச் சேர்ந்தவர், புகையிலை வாங்க வந்து அரைநாள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாராம். பாய் சொல்வார்:

"நாம வெத்தல பாக்கு வச்சு அழைக்கிறோம்ல தம்பி? அவங்க சனம் புகையிலையைக் கையில குடுத்துத்தான் ஒரு காரியம் கேப்பாங்களாம். வாங்கிட்டா செஞ்சே ஆகணும். முடியாதுன்னா கையை நீட்டவே கூடாது."

கேட்டதோடு விட்டாரா? மாடி வீட்டுக்காரன் மூங்கில் கழியில் ஈரத்துணியைச் சொட்டச் சொட்டத் தொங்கவிடுவான். பாய் அவன் கையில் ஒரு சிட்டிகை புகையிலையை வைத்து, "இனி பிழிஞ்சு காயப்போடு" என்றார். மறுவாரம் மறுபடி சொட்டியது. நடுத்தெருவில் நின்று, "டேய், புகையிலை வாங்கினவனே!" என்று கத்தினார் பாருங்கள், அவன் துணியோடு வீட்டையும் மாற்றிக்கொண்டு ஊரின் மறுகோடியில் பூன் லே பக்கம் போய்விட்டான். அதிலிருந்து பாய் கையை மூடிக்கொண்டு வந்தாலே தெருவில் எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம்.

எனக்கு அவர் ஒரு சுருட்டுகூட விற்றதில்லை. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை முடிந்து, சட்டைப் பையில் சிகரெட்டோடு போய் நிற்பேன்.

"நீ இருமுற. உனக்குக் கிடையாது, போ."

"நீங்களும்தான் இருமுறீங்க பாய்."

"என் இருமல் வேற லா!"

வேறு இல்லை. பாய்க்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் கொஞ்ச காலம் இருக்கலாம், இல்லாவிட்டால் இல்லை என்றார்கள். மனிதருக்கு நாதி கிடையாது. நான்தான் கூடப் போனேன்.

ஆஸ்பத்திரியில் பாய் என்ன செய்தார் தெரியுமா? மடியிலிருந்து புகையிலையை எடுத்து, அறுக்கப்போகிற சீன டாக்டரிடம் நீட்டினார்! டாக்டர் துள்ளிப் பின்வாங்கினார்.

"அங்கிள்! திஸ் திங் ஒன்லி கில்லிங் யூ லா!"

பாய் கட்டிலை விட்டு இறங்கிவிட்டார். "கையை நீட்டல பார்த்தியா? அவருக்கே நம்பிக்கை இல்ல. வா தம்பி, போவோம்."

"பாய், செத்துப் போயிடுவீங்க!" என்று கத்திவிட்டு டாக்டர் பின்னாலேயே ஓடினேன். வெத்தலைபாக்கு, கப்பல்காரர், ஈரத்துணி எல்லாவற்றையும் என் ஓட்டை இங்கிலீஷில் கொட்டினேன். பாவம், நின்று கேட்டார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். பாய் ஒரு சிட்டிகை வைத்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தார்.

"சரி. அறுங்க."

அவர் சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

டாக்டர் வாக்குத் தவறவில்லை, நோய்தான் திரும்பி வந்தது. கழுத்தில் ஓட்டையோடு எலும்பும் தோலுமாகக் கிடந்தார். ஒருநாள் பார்க்கப் போனபோது விரலை அசைத்துக் கூப்பிட்டார். இன்னொரு கை மூடியிருந்தது. பழக்க தோஷம், என் கை பின்னால் போய்விட்டது. அவர் கண் என் சட்டைப் பையில் இருந்த சிகரெட் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன கேட்கிறார் என்று புரிந்துவிட்டது. மூடிய கையை நீட்டினார், அது இறங்கவே இல்லை.

புகையிலையை வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் வேலையிடத்தில் யாராவது, "அண்ணே, ஒண்ணு எடுங்க" என்று சிகரெட் பெட்டியை நீட்டினால் என் கை தானாகப் பின்னால் போகிறது.

"இல்லப்பா, நான் பாய்கிட்ட வாங்கியிருக்கேன்" என்பேன். அவர்களுக்குப் புரியாது. என்ன செய்ய, எனக்கு அந்த மனுஷன்மேல் அவ்வளவு ஆசை.