இருபத்திநாலு மணி நேரத்தில் படை வாபஸ்

எனக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் என்று இந்த உலகத்தில் எதுவும் கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சர்க்கரை நோயாளி டாக்டரிடம் உள்ளதை ஒத்துக்கொள்வதுபோலச் சொல்கிறேன். கேரள எல்லையில் உள்ள பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறேன். ஏறியவர் இறங்குவதற்குள் ஏதாவது ஒரு நாட்டின் பிரச்சினையைத் தீர்த்துவிடுவேன். (சிலர் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்வார்கள். அது அவர்கள் இஷ்டம்.)

என் சொந்தப் பிரச்சினை ஒன்றுதான் தீராமல் கிடந்தது. ரோடு. என் வீட்டுக்கு ரொம்ப தூரம் முன்னாலேயே அது முடிந்துவிடும். அப்புறம் ஒற்றையடிப் பாதை. அதில் ஆடு போகும், ஆட்டோ போகாது. அதனால் ரோடு முடிகிற இடத்தில் உள்ள தங்கையா மாமாவின் முற்றத்தில்தான் என் வண்டியை நிறுத்தி வந்தேன். மாமா என்றால் சொந்தக்காரர் இல்லை. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே மாமா. ஆறு வருடமாக இடம் கொடுத்திருந்தார். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. என் அண்ணன் மனைவி ஷைலா மைனியைச் சுயேச்சையாக நிற்க வைத்தேன். சமூக சேவை, மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை. மைனி ஜெயித்தால் ரோடு என் வாசல் வரைக்கும் வரும். அவ்வளவுதான்.

எந்தக் குழாயில் எந்தக் கிழமை தண்ணீர் வராது, யாருடைய பென்ஷன் காகிதம் எந்த மேசையில் தூங்குகிறது என்பதெல்லாம் மைனிக்கு மனப்பாடம். அதை மட்டும் பேச விட்டிருக்கலாம். நான் விடவில்லை. எங்கள் பக்கத்தில் மேடைப் பேச்சுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உலகம், அடுத்தது டெல்லி, அப்புறம் திருவனந்தபுரம், கடைசியில்தான் தெருக்குழாய். எடுத்தவுடனே குழாயைப் பற்றிப் பேசுகிறவரை யாரும் ஒரு ஆளாக மதிக்கமாட்டார்கள். அப்போது கடலுக்கு அப்பால் ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய நாட்டின் படை இன்னொரு நாட்டுக்குள் போய் நின்றிருந்தது. நான் மைனிக்கு ஒரு பேச்சு எழுதிக் கொடுத்தேன்.

“எலே ராஜன், அந்த நாட்டுப் பேரே எனக்கு வாயில வரல்ல. அங்க நிக்கிற படையைப் பத்தி நான் எதுக்குலே பேசணும்?”

“நிலைப்பாடு வேணும் மைனி. நிலைப்பாடு இல்லாத வேட்பாளருக்கு எவன் ஓட்டுப் போடுவான்?”

“தண்ணி வராத வீட்டுக்காரி போடுவா.”

அப்போதே நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

ஊர் நூலகத்தில் இரண்டு வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார்கள். எதிர்த்து நின்றவர் ஒரு டீச்சர். அவரும் உலகத்தில்தான் ஆரம்பித்தார். படையைக் கட்டம் கட்டமாகத் திரும்பப் பெற வேண்டும் என்றார். அடுத்து மைனி எழுந்து, என் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். “இருபத்திநாலு மணி நேரத்தில், நிபந்தனை இல்லாமல், கடைசிச் சிப்பாய் வரை வாபஸ்!” கைதட்டல் எழுந்தது. முதலில் தட்டியவன் நான். (கடைசியில் நிறுத்தியவனும் நான்தான்.)

தங்கையா மாமா எழுந்து நின்றார்.

“மக்கா ஷைலா, நல்ல காரியமாக்கும் சொன்னது. போன பயலுவ திரும்பணும்னு எனக்கும் ஆசை உண்டு. பின்னே ஒரு சந்தேகம். இருபத்திநாலு மணிக்கூறுல எப்பிடி? வண்டி உண்டு, வெடிமருந்து உண்டு, காயம்பட்டுக் கிடக்கவன் உண்டு. எதை முதல்ல எடுப்பே?”

மைனி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. என்னைப் பார்த்தார். நான் பாய்ந்து மேடையேறி மைக்கைப் பிடுங்கினேன்.

“அதெல்லாம் சாக்கு மாமா! போகணும்னு நினைச்சா போயிரலாம். அடுத்தவன் மண்ணுல நிக்கிறவனுக்கு அவகாசம் எதுக்கு? அவகாசம் கேக்கிறவன் அங்கேயே கிடக்கப் பாக்கிறவனாக்கும்!”

“அப்ப அடுத்தவன் மண்ணுல நிக்கிறவன் உடனே போயிரணும். அதானே உன் நிலைப்பாடு?”

“அதேதான். மாத்திப் பேசமாட்டேன்.”

“செரி. என் முற்றத்துல ஆறு வருசமா உன் ஆட்டோ நிக்குது. நாளைக்கு இந்த நேரத்துக்குள்ள எடுத்துரு. நிபந்தனை இல்லாம.”

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அத்தோடு நான் இறங்கியிருந்தால் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும்.

“மாமா, அது எப்பிடி? வேற இடம் பாக்கணும் இல்லியா? ஒரு மாசமாவது...”

“ராஜனுக்கு அவகாசம் வேணுமாம்டே!” என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

“வேணும்னா இப்பிடிச் செய்யலாம் மாமா. பகல்ல வண்டியை எடுத்திருவேன். ராத்திரி மட்டும் நிக்கட்டும்.”

“இப்பவும் அதுதாம்லே நடக்குது!” என்றது அதே பின்வரிசை.

சத்தம் அடங்குவதற்குள் மைனி என் கையிலிருந்து மைக்கைப் பறித்தார்.

“இது என் கொழுந்தன். இந்தப் பேப்பர் அவன் எழுதினதாக்கும். போரைப் பத்தி எனக்கு ஒண்ணுதான் தெரியும். போன பிள்ளைக உசிரோட வீடு வந்து சேரணும். அதுக்கு எத்தனை மணிக்கூறு ஆகும்னு எனக்குத் தெரியாது. தங்கையா மாமாவுக்குத் தெரியும். ஆனா கோவிலுக்குப் பொறத்தால உள்ள பதினோரு வீட்டுல செவ்வாக்கிழமை தண்ணி வராது. அது எனக்குத் தெரியும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ இறங்குலே.”

இறங்கினேன். என் வாழ்க்கையில் நான் நிபந்தனை இல்லாமல் பின்வாங்கியது அந்த ஒரு முறைதான்.

மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போனேன். மாமா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“எங்க கொண்டு விடப்போறே?”

“தெரியாது மாமா.”

“அப்ப நிக்கட்டும். இதைத்தாம்லே நேத்து கேட்டேன்.”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மைனி ஜெயித்தார். வார்டில் பட்டாளத்துக்கு ஆள் போன வீடுகள் மொத்தமும் அவருக்குத்தான் போட்டன. மேடையிலிருந்து என்னை இறக்கிவிட்டதற்குக் கிடைத்த ஓட்டு அது. அந்த வகையில் வெற்றியில் எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணன்கூட ஒத்துக்கொள்ளவில்லை. பதினோரு வீட்டுக்கும் தண்ணீர் வந்தது. என் ரோடு? “சொந்தக்காரனுக்கு முதல்ல செஞ்சா ஆளுக என்ன சொல்லும்?” என்று சொல்லிச் சொல்லி, வார்டிலேயே கடைசி ரோடாக நாலாவது வருடம் போட்டுக் கொடுத்தார்.

கல்யாண வீடுகளில் பந்தியில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்த பிறகும் நான் இலையை விடாமல் உட்கார்ந்திருப்பேன். அப்போது மைனி மண்டபத்தின் மறுகோடியிலிருந்து சத்தமாகக் கேட்பார்:

“எலே ராஜன், வாபஸ் உடனேயா, கட்டம் கட்டமாவா?”

மண்டபமே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நான் நிமிர்வதுகூட இல்லை. (இன்னும் இரண்டு பாயசம் வரவேண்டி இருக்கிறது. எவன் எழும்புவான்?)