டலிக் காக்கா எண்ணிப் பார்த்த நாவல்கள்

தமிழில் நாவல் எழுதிய ஒவ்வொருவரும் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு மனிதருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். இது அவர்களுக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் பரிசு, பொன்னாடை என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

அவரை ஊரே டலிக் காக்கா என்று கூப்பிடும். காக்கா என்றால் பறவையல்ல, அவருடைய ஊரான கிண்ணியாவில் அண்ணன். கப்பலிலிருந்து மூட்டை இறங்கும்போது பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் எண்ணித் தாளில் கோடு போடுபவரைத் துறைமுகத்தில் டலி கிளாக் என்பார்கள். நாலு கோட்டை நிமிர்த்தி வைத்து ஐந்தாவதைக் குறுக்கே கிடத்தினால் ஒரு கட்டு. கப்பற்காரன் ஆயிரம் மூட்டை என்று எழுதிக் கொடுத்து, கரையில் தொளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இறங்கினால், அந்த ஒன்றுக்காக உலகத்தை நிறுத்தி வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். அதற்குச் சம்பளம் கிடைக்கிறது. நாவலாசிரியர்களுக்கு அதே வேலையை அவர் இலவசமாகச் செய்கிறார்.

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூலகத்தின் மேல்மாடியில் கூடும். பன்னிரண்டு பேர் உறுப்பினர்கள். ஆறு பேர் வருவார்கள். மூன்று பேர் புத்தகத்தை வாசித்திருப்பார்கள். நான் செயலாளர். தேர்தல் நடந்த அன்று போகாதபடியால் கிடைத்த பதவி. டலிக் காக்கா முதன்முதலாக வந்த அன்று ஒரு தடித்த கிராமத்து நாவலை எடுத்திருந்தோம். நான் "மண்ணின் ஆன்மா" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசினேன். மண்ணும் களைத்து ஆன்மாவும் களைத்த பிறகு, கடைசிக் கதிரையிலிருந்து ஒரு கை எழும்பியது.

"தம்பி, நீங்க சொன்னதெல்லாம் சரி. ஆடு நாலு குறையுது."

"என்ன ஆடு?" என்றேன்.

மடித்து வைத்திருந்த தாளை விரித்தார். துறைமுகத்தில் பாவிக்கும் அதே கோடு போட்ட தாள். "ரெண்டாம் அத்தியாயத்தில அந்தக் குடும்பத்துக்குப் பதினொரு ஆடு. ஒம்பதாம் அத்தியாயத்தில வெள்ளம். 'ஒண்டும் குறையாம எங்கட ஏழு ஆடும் தப்பிற்று' எண்டு புருசனும் பொஞ்சாதியும் கட்டிப் பிடிச்சு அழுகிறாங்க. மிச்சம் நாலும் எங்க?"

"அது ஒரு குறியீடு காக்கா."

"பதினொண்டும் குறியீடா, இல்லாட்டிக் காணாமப் போன நாலு மட்டும் குறியீடா?"

நான் அவசரமாக அடுத்த மாதப் புத்தகத்தின் பெயரை அறிவித்தேன்.

அவர் அதோடு விடவில்லை. எழுத்தாளருக்கே கடிதம் போட்டார். எழுத்தாளரும் பெரிய மனது பண்ணிப் பதில் எழுதினார்: "அந்த நான்கு ஆடுகளும் என் கதைக்கு வெளியே மேய்ந்துகொண்டிருக்கின்றன." அந்தக் கடிதத்தை நாங்கள் கைக்குக் கை மாற்றி வாசித்து மெய்சிலிர்த்தோம். இப்படி ஒரு வரி எழுதத்தானே நாமெல்லாம் பிறந்தோம் என்று எனக்குப் பொறாமை கூட வந்தது. காக்கா மட்டும் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிய போறதெண்டா கேற் பாஸ் எங்க?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் இல்லாமல் கூட்டம் நடத்த எங்களால் ஏலாமல் போய்விட்டது. அவருடைய தாளில் சேதங்களுக்கென்று தனி இடமுண்டு: கிழிந்தவை, நனைந்தவை என்று. ஒரு காதல் நாவலில் கதாநாயகி அழுத இடங்களையெல்லாம் 'நனைந்தவை'யின் கீழ்க் கோடு போட்டுக்கொண்டு வந்தார். நாற்பத்தொன்று. "இவ்வளவு தண்ணி பட்ட சரக்கை ஆரும் பொறுப்பெடுக்க மாட்டாங்க, தம்பி," என்றார், உண்மையான கவலையோடு. இன்னொரு நாவலில் ஒரு பெண் மாம்பழக் காலத்தில் கர்ப்பமாகி, அடுத்த மாம்பழக் காலமும் முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பிள்ளை பெறுகிறாள். நாங்கள் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தோம். காக்கா சிரிக்கவில்லை. "ஏன் சிரிக்கிறீங்க? துறையில இடமில்லாட்டிக் கப்பலும் வெளியில கிடந்துதான் வரும்," என்று அந்தப் பிள்ளைக்காகப் பரிந்து பேசினார். தாமதம் வேறு, குறைவு வேறு. தாமதத்தை அவர் மன்னிப்பார்.

மனிதருக்கு எண்ணத்தான் தெரியும், இரசிக்கத் தெரியாது என்று நானும் கொஞ்சக்காலம் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு அறுநூறு பக்கத்துப் பெரிய வீட்டுக் கதை ஒன்றில் உடைந்தது. மூன்று சகோதரர்கள், ஒரு வீடு, ஒரு வழக்கு. அந்த நாவலைப் பற்றி நான் இரண்டு ஊர்களில் பேசி இரண்டு மாலை வாங்கியவன். காக்காவுக்கு மூன்று சகோதரர்களிலும் அக்கறையில்லை. முதல் அத்தியாயத்தில் தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கிற வேலைக்காரப் பிள்ளையைத்தான் கேட்டார்.

"கையில சுட்ட தழும்பு எண்டு எழுதியிரிக்கான் மனுசன். தழும்பைக் காட்டிப்போட்டு ஆளை விட்டுப்போட்டுப் போறதா? அறுநூறு பக்கமும் தேடினனான், தம்பி. அந்தப் பிள்ளை குசினிக்குள்ள போனது போனதுதான்."

வீட்டுக்குப் போய் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். பிள்ளை அங்கே நின்றது. கையில் தழும்பும் இருந்தது. இரண்டு மாலை வாங்கிய நான் அந்தத் தேத்தண்ணியை மட்டும் எடுத்துக் குடித்துவிட்டு அவளைக் காணாமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

அவருடைய தாளின் அடியில் ஓர் இடம் வெறுமையாகவே கிடக்கும். எல்லாம் ஒத்துப்போனால் அதில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைப்பார். ஏழு வருடத்தில் எந்த நாவலுக்கும் வைத்ததில்லை. கிட்ட வந்தது ஒரு மெல்லிய மொழிபெயர்ப்பு. அதிலும் ஒரு குடை குறைந்தது.

இந்த இலட்சணத்தில் நானும் ஒரு நாவல் எழுதினேன்.

ஒன்பது வருட உழைப்பு. கதாநாயகன் மாவட்டச் செயலகத்தில் ஒரு கிளாக்கர். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்க்கையைப் பற்றி யோசிப்பான். யாரைப் பார்த்து எழுதினேன் என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். அச்சகத்துக்கு நாள் குறித்தாயிற்று, மண்டபம் பேசியாயிற்று, அழைப்பிதழும் கொடுத்தாயிற்று. பரிசு வேண்டும், பத்திரிகையில் மதிப்புரை வர வேண்டும் என்றெல்லாம் எனக்கு ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவற்றுக்கெல்லாம் மேலே, அந்தத் தாளின் அடியில் அந்த ஒரு சொல் எனக்கு வேண்டியிருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குச் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குப் புத்தகத்தை விட அந்தக் காக்காவின்ர தாள்தான் பெரிசு போல கிடக்கு."

"ஓம்," என்றேன். இருபது வருடத்தில் அவள் சொன்ன ஒன்றை நான் மறுக்காமல் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான்.

கையெழுத்துப் பிரதியைக் காக்காவிடம் கொடுத்தேன். சீமெந்துக் கப்பல் வந்திருந்த கிழமை அது. சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை நிழலில் இருந்து வாசித்திருக்கிறார். பத்தாம் நாள் நான் வேலை செய்யும் மாவட்டச் செயலகத்துக்கே வந்துவிட்டார். பிரதியைத் தட்டினால் சீமெந்துத் தூள் பறந்தது.

"தம்பி, ஒராள் குறையுது."

"ஆர் காக்கா?"

"ஆறாம் அத்தியாயம். மூதூருக்குப் போற லோஞ்சுப் படகில பதினாலு பேர் ஏறுறாங்க. அதில ஒரு பொம்பிளை. கைத் தையல் மெசின் ஒண்டைச் சீலையில சுத்தி மடியில வச்சிக்கொண்டு இரிக்கா. மூதூரில இறங்கினது பதின்மூணு."

"அது சும்மா ஒரு சூழலுக்குப் போட்டது, காக்கா. ஒரு அழகுக்கு."

"அழகுக்கு ஏத்தினா இறக்க வேணாமா?" தாளை என் பக்கம் திருப்பினார். "மெசினும் குறையுது. அதைத் தனியாப் போட்டிரிக்கன்."

எனக்குக் கோபம் வந்தது. முந்நூறு பக்கம், வாழ்வு, சாவு, தனிமை எல்லாவற்றையும் பிழிந்து வைத்திருக்கிறேன். மனிதர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "கதாநாயகன் எப்பிடி, காக்கா?"

"ஆள் இரிக்கார். சேதமில்ல."

அன்று பின்னேரமே ஒரு வரியைச் சேர்த்தேன்: 'தையல் மெசினோடு வந்தவளும் இறங்கினாள்.' தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். என்னைப் போல ஓர் இலக்கியவாதி இவ்வளவு இறங்கி வந்ததற்கு ஒரு நன்றியாவது கிடைக்கும் என்று நினைத்தேன்.

"இறங்கினது சரி. ஆர் பொறுப்பெடுத்தது? இறங்குதுறை ஜெட்டியில வச்சிப்போட்டுப் போனா அது ஒப்படைச்சதாகாது, தம்பி."

"காக்கா, புதன்கிழமை அச்சுக்குப் போகுது. இனி ஏலாது!"

மறுபக்கத்தில் பாரந்தூக்கி இரையும் ஒலி கேட்டது.

"ஏலாட்டி விடுங்க. நான் கோவிக்க மாட்டன். கையெழுத்து மட்டும் வைக்கேலாது." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "இந்த ஊரில ஏறினவங்க எல்லாரும் இறங்கினதில்ல. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். புத்தகத்திலயாச்சும் எண்ணி இறக்குவம் எண்டுதான் கேட்டனான்."

நான் தொலைபேசியை வைத்தேன். பிறகு அச்சகத்துக்கு எடுத்து, வேண்டாம், பொறுங்கள் என்றேன். மண்டபக்காரர் ஏசினார். மனைவி அறுபது வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்து, "இவர் ஒராளை இறக்க மறந்திட்டார்" என்று காரணம் சொன்னாள். பாதிப் பேர் நான் பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

அந்தப் பெண்ணை இறக்கிவிட ஒரு பக்கம் போதும் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் இறங்கினாள். அடுத்து எங்கே போவதென்று என்னைப் பார்த்தாள். சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு நாளில் வெளியேறிவிட்டாள். கலியாணம் பேசினேன், மெசினைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கடைசியில் சந்தையடியில் ஒரு கடையின் முன்பக்கத்தை அவளாகவே பிடித்து, பள்ளிக்கூடச் சட்டை தைக்கத் தொடங்கினாள். ஒருநாள் என் கதாநாயகன் கிழிந்த பொக்கற்றோடு அங்கே போய் நின்று வாழ்க்கையைப் பற்றி யோசித்தான். "பொக்கற்றைத் தைச்சுத் தரலாம், உள்ளுக்கு வைக்க ஏதும் இருக்கோ?" என்று கேட்டாள். ஒன்பது வருடமாக நான் கேட்க நினைத்து, வாய் வராமல் இருந்த கேள்வி அது. நாற்பது பக்கம் போனது. ஒரு வரியையும் நான் யோசித்து எழுதவில்லை. அவள் தைத்தாள், நான் நூலை எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் பிந்தி வெளியீடு நடந்தது. வந்த பேச்சாளர் நாலு பேரும் தையற்காரியைப் பற்றியே பேசினார்கள். கதாநாயகனை ஒருவர் குறிப்பிட்டார், அதுவும் "பொக்கற் கிழிந்த அந்த மனிதர்" என்று. நிகழ்ச்சி முடியப் போகும் நேரத்தில் டலிக் காக்கா வேலை முடிந்து நேரே வந்து சேர்ந்தார். புருவத்தில் சீமெந்து. மேடைக்கு வாருங்கள் என்றால் மாட்டேன் என்றார். கடைசி வரிசையில் நின்றபடியே தாளை விரித்து, கப்பல் பக்கத்தில் கூப்பிடும் அதே குரலில் வாசித்தார்.

"லோஞ்சில ஏறினது பதினாலு. இறங்கினது பதினாலு. பொறுப்பெடுத்தது பதினாலு. தையல் மெசின் ஒண்டு, ஊசி முறியாம."

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவருடைய பேனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு வந்தார்; தாளை வைத்தார்; அந்த வெறும் இடத்தில் ஆறுதலாக 'சரி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"நான் எதுக்கு, காக்கா?"

"இந்தத் தாளுக்கு ரெண்டு கையெழுத்து, தம்பி. கப்பல் பக்கம் ஒண்டு, கரைப் பக்கம் ஒண்டு. நீங்க கப்பல்."

அலுவலகத்தில் வாசிக்காமலே எத்தனையோ கடிதங்களுக்குக் கையெழுத்து வைத்த கை அது. அன்றைக்குத் தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுத்தான் என் பெயரை எழுதினேன். எங்கள் ஊருக்குப் பெரிய துறைமுகம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, கோட்டை இருக்கிறது என்று பெருமை பேசுகிறவர்கள் பேசட்டும். எந்த ஊரிலும் இல்லாத ஒரு வாசகர் எங்களிடம் இருக்கிறார். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் கொஞ்சம் கோணலாகக் கிடக்கிறது.

இப்போது இரண்டாவது நாவலைத் தொடங்கியிருக்கிறேன். புதிதாக ஓர் ஆளைக் கதைக்குள் ஏற்றும்போதெல்லாம் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏற்றுகிறேன். கரையில் அவர் நிற்கிறார்.